இலண்டன் மாநகரின் காட்சிக்கூடங்கள்: இரு வினாக்களின் வரலாறு

ஒரு நாட்டின் தலைநகரை அறிய விழைவோர் அதன் அரண்மனையையும் நாடாளுமன்றத்தையும் கண்டால் மட்டும் போதாது. அந்நகரம் எவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது, சேர்த்தவற்றை யாருக்குக் காட்டுகிறது என்பவற்றையும் காணவேண்டும். இவ்வகையில் இலண்டன் மாநகருக்கு ஈடாகச் சொல்லத்தக்க நகரங்கள் உலகில் மிகச் சிலவே. உலகப் பொருள்கள் பலவும் அங்கே உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றைக் காசு கொடுக்காமலேயே காணலாம்.

அங்குச் செல்லும் தமிழ் அன்பர்கள் பலர் ஒரே நாளில் மூன்று நான்கு கூடங்களைச் சுற்றிவிட்டுக் கால் வலியுடன் திரும்புகின்றனர். எத்தனை பார்த்தோம் என்பது பெரிதன்று. அக்கூடங்களின் வரலாற்றை ஊடுருவி நிற்கும் இரண்டு வினாக்களை மனத்தில் இருத்திக்கொண்டு பார்த்தால், ஒரு கூடமே போதுமானதாகிவிடும். இப்பொருள்களை யார் பார்க்கலாம் என்பது முதல் வினா. இப்பொருள்கள் யாருக்கு உரியவை என்பது இரண்டாம் வினா. முதல் வினாவுக்கு இலண்டன் நகரம் இரண்டரை நூற்றாண்டுகளில் பெருமைக்குரிய விடையைக் கண்டது. இரண்டாவது வினாவுக்கு இன்னும் முழுமையான விடை பிறக்கவில்லை. கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் இவ்விரு வினாக்களையும் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். ஏனெனில் இவ்வழக்கில் முதலில் குரல் எழுப்பியவர்களுள் கவிஞர்களும் இருந்தனர்.

மருத்துவர் சேர்த்த களஞ்சியம்

அயர்லாந்தில் பிறந்து இலண்டனில் புகழ்பெற்ற மருத்துவராக விளங்கிய சர் ஹான்ஸ் ஸ்லோன், 1753ஆம் ஆண்டு தம் 92ஆம் வயதில் காலமானார். நூல்கள், ஏடுகள், நாணயங்கள், உலர்த்திய செடிகொடிகள், தொல்பொருள்கள் என 71,000க்கும் மேற்பட்ட பொருள்களை அவர் சேர்த்து வைத்திருந்தார். தம் வாரிசுகளுக்கு 20,000 பவுன் வழங்கினால் அவையனைத்தும் நாட்டுக்கு உரியவையாகலாம் என்று அவர் விருப்ப ஆவணம் எழுதியிருந்தார். நாடாளுமன்றம் அவ்வாண்டே சட்டம் இயற்றியது. கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுக்க மனமின்றிப் பரிசுச்சீட்டு நடத்திப் பணம் திரட்டினார்கள். உலகின் முதல் தேசியப் பொது அருங்காட்சியகம் என்று போற்றப்படும் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் பரிசுச்சீட்டுப் பணத்தில் பிறந்தது என்பது வியப்பாகத் தோன்றலாம். வரலாறு அப்படித்தான் அமைந்தது.

ஸ்லோனின் செல்வத்தில் ஒரு பகுதி, அவர் மனைவி வழியே வந்த ஜமைக்கா நாட்டுக் கரும்புத் தோட்டங்களின் வருவாய். அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். நெடுங்காலம் இச்செய்தி உரக்கப் பேசப்படவில்லை. 2020ஆம் ஆண்டில்தான் அருங்காட்சியகத்தார் ஸ்லோனின் மார்பளவுச் சிலையைத் தனிப் பீடத்திலிருந்து எடுத்து, அடிமை முறையுடன் அவருக்கிருந்த தொடர்பை விளக்கும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தனர்.

1759ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், ப்ளூம்ஸ்பரியிலிருந்த மாண்டேகு மாளிகையில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கட்டணம் இல்லை. ஆயினும் கதவு எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. காண விரும்புவோர் தம் பெயரையும் இருப்பிடத்தையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். தகுதியுடையோர் என்று தெரிந்த பின்னரே அனுமதிச்சீட்டு கிடைக்கும். பின்னர்ச் சிறு குழுவாக அழைத்துச் சென்று விரைவாகச் சுற்றிக்காட்டி அனுப்பிவிடுவர். கூலி வேலை செய்பவருக்கு இத்தனை முறை நடையாய் நடக்க நேரம் ஏது? கட்டணமின்மை வேறு, பொதுமை வேறு என்பதற்கு இது தக்க சான்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இக்கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன.

மூன்று கவிஞர்களும் மூன்று நோக்குகளும்

துருக்கியப் பேரரசின் தலைநகரில் பிரிட்டிஷ் தூதராக இருந்த எல்ஜின் பிரபு, 1801ஆம் ஆண்டு தொடங்கி ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் கோயிலின் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். கிரேக்க நாடு அப்போது துருக்கியரின் ஆட்சியில் இருந்தது. 1816ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அச்சிற்பங்களை 35,000 பவுனுக்கு விலைக்கு வாங்கி அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தது.

அவை வாங்கப்படுவதற்கு முன்பே பைரன் சினந்து எழுந்தார். 1811இல் இயற்றிய ‘மினர்வாவின் சாபம்’ என்னும் கவிதையிலும், 1812இல் வெளிவந்த ‘சைல்ட் ஹெரால்ட்’ நெடும்பாட்டின் இரண்டாம் பகுதியிலும் எல்ஜினைக் கடுமையாகச் சாடினார். வென்றவனும் விட்டுவைத்ததை ஆங்கிலேயன் ஒருவன் கொள்ளையிட்டான் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம்.

கீட்சு வேறு வகையில் உணர்ந்தார். 1817ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓவிய நண்பர் ஹேடன் உடன்வர அச்சிற்பங்களைக் கண்டார். கண்ட அனுபவத்தைப் பதினான்கடிப் பாடலாக்கினார். அதில் வழக்கும் இல்லை, வசையும் இல்லை. பேரழகின் முன்னே நின்ற ஓர் இளைஞன் தன் மரணத்தை உணர்ந்து தளரும் நிலையே அங்குப் பாடுபொருள். அவர் கிரேக்க நாட்டுக்குச் சென்றவரல்லர். இலண்டனுக்கு அச்சிற்பங்கள் வந்திராவிடில் அப்பாடல் பிறந்திராது.

மூன்றாமவர் ஷெல்லி. எகிப்து நாட்டுத் தீப்ஸ் நகரிலிருந்து மன்னன் இரண்டாம் ராம்சேயின் மாபெரும் கற்றலை ஒன்று இலண்டனுக்குக் கொண்டுவரப்படுகிறது என்னும் செய்தி பரவிய நாள்களில் அவர் ‘ஓசிமாண்டியாஸ்’ கவிதையை எழுதினார். 1818 ஜனவரியில் அது அச்சேறியபோது அந்தத் தலை இன்னும் இலண்டனை வந்தடையவில்லை. பேரரசுகளின் செருக்கு மணலாகும் என்னும் அக்கவிதையின் கருத்து, அச்சிலையைச் சுமந்து வந்த பேரரசுக்கும் பொருந்தும். அந்த ராம்சேயை இன்றும் அருங்காட்சியகத்தின் எகிப்தியக் கூடத்தில் காணலாம்.

பைரன் உரிமையைப் பற்றிப் பேசினார். கீட்சு காட்சியைப் பற்றிப் பேசினார். இருவரில் ஒருவரைத் தேர்ந்து மற்றவரைத் தள்ள நம்மால் இயலாது. 1980களில் கிரேக்க அமைச்சராக இருந்த மெலினா மெர்க்கூரி சிற்பங்களைத் திருப்பித் தருமாறு முறைப்படி வலியுறுத்தினார். 2009ஆம் ஆண்டில் ஏதென்ஸில் புதிய அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் எழுந்தது. இலண்டனில் உள்ள பகுதிகளின் இடத்தை அங்கே வார்ப்புப் படிகள் நிரப்பி நிற்கின்றன.

கதவுகள் திறந்த வரலாறு

முதல் வினாவின் கதையைத் தொடர்வோம். 1824ஆம் ஆண்டில் காப்பீட்டு வணிகர் ஆங்கர்ஸ்டைன் விட்டுச்சென்ற 38 ஓவியங்களை நாடாளுமன்றம் 57,000 பவுனுக்கு வாங்கியது. பால் மால் தெருவிலிருந்த அவர் வீட்டிலேயே தேசிய ஓவியக்கூடம் தொடங்கிற்று. ஐரோப்பாவின் பெரிய ஓவியக்கூடங்கள் பலவும் அரச குடும்பத்தின் சேகரிப்பிலிருந்து தோன்றியவை. இலண்டனிலோ ஒரு வணிகரின் வீட்டுச் சுவரிலிருந்து ஓவியங்கள் நாட்டுடைமையாயின. 1838இல் டிரஃபால்கர் சதுக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. மேற்குப் பகுதிச் செல்வர் வண்டியில் வரவும் கிழக்குப் பகுதி ஏழையர் நடந்து வரவும் ஏற்ற நடுவிடம் என்பது அவ்விடத்தின் சிறப்பாகக் கருதப்பட்டது. நகரத்துக் கரிப்புகை ஓவியங்களைக் கெடுக்கிறது, ஆதலால் ஊருக்கு வெளியே கொண்டுசெல்லலாம் என்று பின்னர் ஒரு யோசனை எழுந்தபோது, மக்கள் எளிதில் வரக்கூடிய இடமே வேண்டுமென்று 1857இல் அமைந்த ஆணையம் முடிவு செய்தது.

1851ஆம் ஆண்டில் ஹைட் பூங்காவில் நடந்த உலகப் பெருங்காட்சியின் ஆதாயத்தைக் கொண்டு தென்கென்சிங்டனில் நிலம் வாங்கினர். இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1857இல் அங்குக் குடியேறியது. அதன் தலைவராயிருந்த ஹென்றி கோல், கூடங்களில் வாயு விளக்குகளை அமைத்து மாலை நேரத்திலும் திறந்து வைத்தார். பகல் முழுதும் வேலை செய்யும் தொழிலாளி இரவில் குடும்பத்தோடு வந்து பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். பார்வையாளர் பசியாறச் சிற்றுண்டிச் சாலையும் அமைத்தார். ஆயினும் தொழிலாளிக்கு ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் தேசியக் கூடங்கள் பூட்டியே கிடந்தன. ஞாயிறு இறைவழிபாட்டுக்குரியது என்னும் கட்சிக்கும், உழைப்பவனின் அறிவுக்கு அன்றுதான் நேரம் என்னும் கட்சிக்குமிடையே பல்லாண்டுகள் வாதம் நடந்தது. 1896ஆம் ஆண்டில்தான் ஞாயிற்றுக்கிழமைக் கதவு திறந்தது.

இரண்டாம் உலகப்போர்க் காலம் இவ்வரலாற்றில் மறக்கவொண்ணாதது. 1939இல் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்கள் இலண்டனை விட்டு வெளியேற்றப்பட்டன. 1941இல் வேல்ஸ் நாட்டு மானட் மலையின் கற்சுரங்கத்தில் அவற்றுக்குப் புகலிடம் கிடைத்தது. வெறுமையான கூடத்தில் பியானோ இசைக்கலைஞர் மைரா ஹெஸ் நண்பகல் இசையரங்குகளைத் தொடங்கினார். குண்டுவீச்சுக்கு நடுவேயும் மக்கள் திரண்டு வந்தனர். 1942 முதல், மாதம் ஒரே ஓர் ஓவியத்தைச் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். போர் நடக்கும் நகரில் ஒரே ஓவியத்தைக் காண மக்கள் வரிசையில் நின்றார்கள் என்றால், கலை அவர்களுக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை என்பது தெளிவு.

காசின்றிக் காணும் உரிமையும் போராடிக் காக்கப்பட்டதே. 1974இல் அரசு நுழைவுக்கட்டணம் விதித்தது. மூன்று மாதத்தில் அது கைவிடப்பட்டது. 1980களில் தென்கென்சிங்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அறிவியல் அருங்காட்சியகமும் கட்டணம் வாங்கத் தொடங்கின. 2001 டிசம்பர் முதல் நாளிலிருந்து தேசிய அருங்காட்சியகங்களின் நிலையான கூடங்களுக்குக் கட்டணமில்லை என்னும் நிலை மீண்டும் வந்தது.

நம் நாட்டுப் பொருள்கள்

இனி இரண்டாம் வினா. கிழக்கிந்தியக் கம்பெனி, இலண்டன் லெடன்ஹால் தெருவிலிருந்த தன் தலைமையகத்தில் 1801ஆம் ஆண்டு ஒரு நூலகத்தையும் காட்சியகத்தையும் தொடங்கியது. அதன் முதல் நூலகர், பகவத்கீதையை 1785இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சார்லஸ் வில்கின்ஸ். திப்பு சுல்தானின் மரப்புலி அக்காட்சியகத்தில் பெரும்புகழ் பெற்றது. வெள்ளைச் சிப்பாயின் மேல் பாய்ந்து கிடக்கும் அப்புலியின் உள்ளே இசைக்கருவி உண்டு. கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும், சிப்பாய் முனகுவான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்டு 1808 முதல் காட்சிக்கு வைக்கப்பட்டது. பார்க்க வந்தவர்கள் ஓயாமல் கைப்பிடியைச் சுழற்ற, பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த அறிஞர்கள் சலித்துக்கொண்டார்களாம். கீட்சும் தம் நகைச்சுவைக் கவிதையொன்றில் அதைக் குறித்திருக்கிறார். இந்தியக் காட்சியகம் 1879இல் கலைக்கப்பட்டபின், புலி தென்கென்சிங்டன் சேர்ந்து இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அமராவதிக் கற்களின் கதை இதனினும் துயரமானது. ஆந்திர நாட்டில் கிருஷ்ணைக் கரையிலிருந்த பௌத்தத் தூபியின் சிற்பங்களை வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அவை அங்கே வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859இல் நூற்றுக்கும் மேற்பட்ட கற்கள் கப்பலேறின. இலண்டன் சென்றும் உடனே மதிப்புக் கிட்டவில்லை. 1867இல் கட்டடக்கலை அறிஞர் ஜேம்ஸ் பெர்குசன் அவற்றை ஒரு வண்டிக் கொட்டகையில் கண்டெடுத்தார். 1880இல் அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தன. 1992 முதல் அவற்றுக்கெனத் தனி அறை உண்டு. அதே தூபியின் வேறு பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே தூபியின் புத்தர் வரலாற்றைப் பாதி எழும்பூரிலும் பாதி ப்ளூம்ஸ்பரியிலுமாகப் படிக்கவேண்டிய நிலையில் இன்று இருக்கிறோம்.

தமிழ் நூல்களும் அங்குச் சென்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்திலிருந்த தமிழ் நூல்களின் பட்டியலை பார்னெட்டும் ஜி.யு. போப்பும் தொகுக்க, 1909இல் அது வெளிவந்தது. அந்நூல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் பொறுப்பில் உள்ளன. பழந்தமிழ்ப் பதிப்புகளைத் தேடுவோருக்கு அப்பட்டியல் இன்றும் துணை செய்வது.

பார்த்தும் காணாதவர்கள்

பொருளை வைத்திருப்பதாலேயே அதன் பெருமை விளங்கிவிடுவதில்லை. தென்கென்சிங்டனின் இந்தியப் பிரிவோடு நெருங்கிய தொடர்புடைய சர் ஜார்ஜ் பேர்ட்வுட், இந்தியக் கைத்தொழில்களை உளமாரப் போற்றியவர். ஆனால் சிற்பமும் ஓவியமும் உயர்கலைகளாக இந்தியாவில் இல்லை என்று எழுதியவரும் அவரே. 1910 ஜனவரியில் இலண்டன் கலைக் கழகக் கூட்டமொன்றில், சாவக நாட்டுப் புத்தர் சிலையின் படத்தைச் சுட்டி, கொழுப்பும் மாவும் சேர்த்து அவித்த பண்டத்தோடு அதனை ஒப்பிட்டுப் பேசினார். அவ்வாண்டே இ.பி. ஹேவல், ஓவியர் ரோதன்ஸ்டைன், ஆனந்த குமாரசுவாமி முதலியோர் இணைந்து இந்தியா சங்கத்தை நிறுவினர். ஈழத் தமிழரான சர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்தர். ‘சிவநடனம்’ என்னும் தலைப்பில் 1918இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதி, ஆடவல்லான் திருமேனியை மேலைநாட்டார் நோக்கும் நோக்கையே மாற்றியது. செம்பு முன்னரும் இருந்தது, பேழையும் இருந்தது. ஆனந்தர் எழுதிய பின்னர்தான் அதனுள்ளே இருந்த தத்துவம் அவர்கள் கண்ணுக்குப் புலப்பட்டது.

வழக்காடிய கோயில்

ஆடவல்லான் ஒருவர் இலண்டன் நீதிமன்றத்தில் வென்று தாயகம் திரும்பிய வரலாற்றை நம்மவர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். தஞ்சை வளநாட்டுப் பத்தூரில், இடிந்துகிடந்த விசுவநாதர் கோயிலின் வளாகத்தில் 1976இல் மண்ணுக்கடியிலிருந்து ஒரு நடராசர் திருமேனி வெளிப்பட்டது. அது பல கைகள் மாறி இலண்டனை அடைந்தது. 1982இல் கனடா நாட்டு நிறுவனமொன்று விலைக்கு வாங்கியது. செப்பனிடுவதற்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபோது இலண்டன் காவல்துறை அதனைக் கைப்பற்றியது. உரிமை கோரியோரில் இந்திய அரசும் தமிழக அரசும் இருந்தன. கோயிலும், அக்கோயிலின் சிவலிங்கமும் வழக்கில் தரப்பினராக நின்றன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி நிபுணர் சாட்சியாகச் சென்று, பத்தூரில் கிடைத்த பிற திருமேனிகளோடு ஒப்பிட்டு விளக்கினார். 1988இல் உயர் நீதிமன்றமும் 1991இல் மேல்முறையீட்டு மன்றமும் கோயிலின் பக்கமே தீர்ப்பளித்தன. வழிபாடற்று இடிந்த ஒரு சிற்றூர்க் கோயிலும் தன் பொருளைக் கேட்டு ஆங்கில நீதிமன்றத்தில் நிற்கலாம் என்பது நிலைநாட்டப்பட்டது. 1991இல் நடராசர் தமிழகம் திரும்பினார்.

இது அண்மைக்காலத் திருட்டு ஆதலால் சட்டம் துணை நின்றது. முன்னைக் காலத்தில் பேரரசின் ஆற்றலால் சென்றவற்றுக்கு அவ்வழி எளிதன்று. 1963ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சட்டம், சில விதிவிலக்குகள் நீங்கலாக, சேகரிப்பிலுள்ள எதனையும் கைவிட அனுமதிப்பதில்லை. ஆனால் தேயிலை வணிகர் ஹார்னிமன் தென்கிழக்கு இலண்டனில் நிறுவிய அருங்காட்சியகம், 1897இல் பெனின் நகரத்திலிருந்து கொள்ளையிடப்பட்ட பொருள்களுள் தன்னிடமிருந்த 72இன் உரிமையை 2022இல் நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. மனமிருந்தால் வழியுண்டு என்பதை அது காட்டியது.

எங்களிடமே இவை பாதுகாப்பாக இருக்கும் என்னும் வாதம் நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து ஏறத்தாழ 2,000 பொருள்கள் களவு போயும் காணாமலும் சேதமுற்றும் இருப்பதாக 2023இல் வெளிவந்த செய்தி அவ்வாதத்தைத் தளர்த்திவிட்டது. அதேவேளை நம் ஊர்க் கோயில்களிலிருந்து திருமேனிகள் களவாடப்பட்டதும் நம் கண்ணெதிரே நடந்ததே. அனந்தமங்கலம் இராசகோபாலசுவாமி கோயிலில் 1978இல் திருடப்பட்ட இராமர், இலக்குவன், சீதை திருமேனிகள் 2020இல் இலண்டனிலிருந்து மீண்டன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் களவுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள் அதற்கு உறுதியான சான்றாயின. ஒருவர் பொறுப்புடன் பதிவு செய்தமையால் மூன்று திருமேனிகள் வீடு திரும்பின.

இலண்டன் செல்லும் வாய்ப்புப் பெறும் அன்பர்கள் ஒவ்வொரு பேழையின் முன்னும் சற்று நின்று, இது எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டில் வந்தது, எவ்வாறு வந்தது என்று பெயர்ப்பலகையைப் படியுங்கள். அது வாய்மூடி இருந்தால் காப்பாட்சியரைக் கேளுங்கள். கீட்சைப் போல் கண்ணாரக் காணுங்கள். பைரனைப் போல் கேட்கவும் தயங்காதீர்கள். கடல் கடக்கும் வாய்ப்பில்லாதோர்க்கும் ஒரு பணி காத்திருக்கிறது. தத்தம் ஊர்க்கோயிலில் உள்ள திருமேனிகள் எத்தனை, கல்வெட்டுகள் எவை, சுவரோவியங்கள் எந்நிலையில் உள்ளன என்பதை எழுதி வையுங்கள். முறைப்படி அனுமதி பெற்றுப் படமெடுத்து வையுங்கள். நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஓர் ஊரை இவ்வாறு பதிவு செய்வாராயின், நாளை ஒரு வழக்கு எழும்போது அவ்வூர்க் கோயில் சான்றில்லாமல் தவிக்காது.